கடைசலும் சலுகையும்

ஒரு பொருளைச் செய்தவன் பட்ட சிரமம் அந்தப் பொருளின் மதிப்பில் சேருமா, சேராதா? விமர்சனத்தில் பழகிப்போன கேள்விதான். சேராது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். எழுத்தாளனின் வறுமையைத் தராசில் ஏற்றிவிட்டு எழுத்தை நிறுக்கக் கூடாது என்று நண்பர்களோடு சண்டை பிடித்ததும் உண்டு. இப்போது அவ்வளவு தீர்மானம் இல்லை. காரணம் ஒரு நடைவண்டி.

நடைவண்டிக்கு வருமுன் என் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரகடத்தை ஒட்டிய மாத்தூரில், வீட்டு முகப்பில் தகர ஷீட் இறக்கிய பத்துக்கு எட்டு அடி இடம். அதில் ஒரு மரக்கடைசல் லேத், அரைக் குதிரைசக்தி மோட்டார், உளிகள் ஏழெட்டு. நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். 2016 வரை இந்தத் தடத்திலுள்ள உதிரிபாகப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருஷம் சி.என்.சி. லேத் ஓட்டினேன். மழை இரவு ஒன்றில் ஷிப்டு முடிந்து வருகையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வண்டி சறுக்கிற்று. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு கடைந்தவன் மரம் கடைகிறேன். பம்பரம், பூரிக்கட்டை, மத்து, கிலுகிலுப்பை, நடைவண்டிக்குச் சக்கரம் — இவைதான் என் உற்பத்தி.

மரம் கிடைக்கும் வகை இந்தப் பிரதேசத்துக்கே உரிய வேடிக்கை. தொழிற்சாலைகளுக்குக் கப்பலில் வரும் இயந்திரங்களின் பெட்டிகளை உடைத்துச் சாலையோரத்தில் விற்கிறார்கள், பைன் மரம். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். எச்.டி. என்றிருந்தால் சூடுகாட்டிய மரம். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை காட்டியது. அதை நான் தொடுவதில்லை. எந்தக் குளிர்தேசத்துக் காட்டிலோ வளர்ந்து, ஒரு இயந்திரத்துக்குச் சட்டையாகக் கடல் தாண்டி வந்த மரம் மாத்தூரில் கிலுகிலுப்பை ஆகிறது. பம்பரத்துக்கு அது ஆகாது, மெத்து. அதற்குக் கருவேலமோ கொய்யாவோதான் வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் வேம்பு மலிவாகக் கிடைக்கும்.

கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. லேத்தின் சுழலச்சு, நிற்பவனுடைய முழங்கை உயரத்தில் இருக்கவேண்டும் என்பது. நிற்பவனுக்கு அது 40 அங்குலம் சொச்சம். நாற்காலியில் என் முழங்கை தரையிலிருந்து 27 அங்குலத்தில் இருக்கிறது. லேத்தை இறக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும், எனக்கும் தோன்றிற்று. ஆனால் என் தொடை 24 அங்குலத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள மூன்று அங்குலத்துக்குள் லேத்தின் படுகையும், கடையப்படும் மரத்தின் பாதி விட்டமும் அடங்கியாகவேண்டும். அடங்காது. ஆகவே அச்சை 34 அங்குலத்துக்கு ஏற்றி, முழங்கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வேலை செய்கிறேன். மாலையானால் தோள் கடுக்கிறது. நின்று கடைபவன் உளியைக் கையால் மட்டும் நகர்த்துவதில்லை. கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடுப்பைச் சாய்க்கிறான். உளி தானாக வழுக்கிப்போகிறது. எனக்கு அந்த இடுப்பு இல்லை. உளி கொடுக்கும் எதிர்விசையில் நாற்காலி பின்னுக்கு உருளும். பிரேக் போதாது, சக்கரத்துக்கு ஆப்பு வைக்கவேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை லேத்தை நிறுத்திவிட்டு, இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவேண்டும். இல்லாவிட்டால் அழுத்தப்புண் வரும்.

நிற்பது எப்போது உழைப்பின் லட்சணமாயிற்று என்று சில சமயம் யோசிப்பேன். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஒரே வினை. மோட்டாருக்கு முந்திய நம் லேத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார். மத்து மாதிரியே மரம் இப்படியும் அப்படியும் சுழலும். கடைபவர் எதிரே தரையில் உட்கார்ந்து, மரம் தன்பக்கம் சுழலும் அரைச்சுற்றில் மட்டும் உளியைக் கொடுப்பார், மறு அரைச்சுற்றில் விலக்கிக்கொள்வார். இங்கிலாந்தின் சில்டர்ன் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்களோ ஒற்றைக் காலில் நின்று, மறுகாலால் மிதித்துக் கடைந்தார்கள் — பிறர் உட்காருவதற்கான சாமானை நின்றுகொண்டு செய்தவர்கள். நான் வேலைபார்த்த பட்டறையிலும் எட்டு மணிநேரமும் நிற்கவேண்டும். நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி செய்து தரச் சொல்லும் 44ஆம் பிரிவு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது என்பதை நான் நிற்கமுடியாமல் போன பிறகுதான் படித்தேன். கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021ல்.

இந்த வழியில் யோசித்துக்கொண்டே போனால் ஒரு சௌகரியமான முடிவு காத்திருக்கிறது. குறை என் உடம்பில் இல்லை, லேத்தின் உயரத்தில் இருக்கிறது. அளவை மாற்றினால் குறை போயிற்று. இதில் பெரும்பகுதி உண்மை, அதற்காகச் சண்டை போடவும் வேண்டும். ஆனால் தரையில் உட்கார்ந்து கடைந்த அந்த மனிதர் உளியைக் கால்விரலால் அணைத்துப் பிடித்திருந்தார். அந்தக் கால்விரல் எனக்கில்லை. அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லிலும் எனக்கு இதே சங்கடம்தான். பழைய சொல் அடித்தது, வாஸ்தவம். புதுச் சொல் தட்டிக்கொடுக்கிறது. போன காலுக்குப் பதிலாக எனக்கு மாற்றுத் திறன் எதுவும் வந்துசேரவில்லை. ஒன்பது வருஷம் பழகிய பழைய திறன்தான், அதிலும் கொஞ்சம் குறைவாக.

அளவை மாற்றித் தீராத விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். சாயம் ஏற்றுவது அரக்கால். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தின்மேல் படரும். சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் பிறகு தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள். ஒருநாள் இளகிய அரக்குத் துண்டு ஒன்று தெறித்து, மேலங்கி விலகியிருந்த இடத்தில் தொடையில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு நான்கு கிலுகிலுப்பைகள் முடித்தேன். இரவு உடை மாற்றும்போது பார்த்தால் ரூபாய் நாணயம் அளவு கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று.

இதை முதலில் புரிந்துகொண்ட இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டு, மருத்துவத்துக்கு வருமுன் கட்டட வேலையும் தச்சும் கற்றவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தியவர். 1950களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பும் பட்டறையும் ஏற்படுத்தி, மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சரிசெய்த கைகள் அங்கே மறுபடி புண்ணாயின. ஏன் என்று நாள்தோறும் கூடவிருந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. நோய் விரலைத் தின்னவில்லை. நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும். வலி போனபின் சுத்தியல் பிடியின் சிலாம்பும், சூடான பாத்திரமும், அளவுக்கு மீறிய பிடியும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தின்றன. இவ்வளவு காலமும் நோயின் கணக்கில் எழுதிவந்த அழிவு, உண்மையில் ‘நிறுத்து’ என்று சொல்ல ஆளில்லாததன் அழிவு.

நடைவண்டிக்கு வருகிறேன்.

எங்கள் தெருவின் கோடியில் வரிசைவீடுகள் இருக்கின்றன. தொழிற்சாலைகளில் வேலைபார்ப்பவர்கள் வாடகைக்கு இருப்பவை. அதில் ஒரு வீட்டுப் பெண் தன் பத்துமாதக் குழந்தைக்கு நடைவண்டி வேண்டும் என்றாள். அப்போது என்னிடம் பலகை இல்லை. தடித்த வேப்பங்கிளை ஒன்று கிடந்தது. சக்கரத்துக்கு வட்டம் எடுக்கும் முறை, கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுத்து அதிலிருந்து வட்டம் வெட்டுவது. நாற்காலியிலிருந்து கட்டையை நீளவாக்கில் அறுப்பது என்னால் ஆகாது. குறுக்கே அறுத்து வில்லை வில்லையாக எடுப்பது சுலபம். ஆனால் குறுக்குவில்லையில் நடுத்தண்டு இருக்கும். மரம் காயும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு வெடிக்கும். இது தொழிலில் பாலபாடம். ஈரமும் முழுக்கக் காயவில்லை. நான்கு சக்கரமும் குறுக்குவில்லையில் எடுத்தேன். நான்காவதில் அச்சுத்துளையை ஒட்டி மயிரிழையாக வெடிப்பு. பார்த்தேன். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். மேலே சிவப்பு அரக்கு ஏற்றினேன். கைதேர்ந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் மூத்த குழந்தை பம்பரம் வாங்க வந்தது. தம்பி எப்படி ஓட்டுகிறான் என்று கேட்டேன். “அது ஒடஞ்சு போச்சே. தம்பி விழுந்து ஒதடு கிழிஞ்சு தையல் போட்டாங்களே” என்றது, எனக்குத் தெரியாதா என்கிற ஆச்சரியத்தோடு. அன்று மாலையே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனேன். வண்டி பரணில் கிடந்தது. நான்காவது சக்கரம் இரண்டு பிளவாக. அடைத்த பசை ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“விடுங்கண்ணா. உங்க நெலமைல நீங்க செஞ்சு குடுத்ததே பெரிசு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்.”

வேறொரு தச்சனாயிருந்தால் அன்று இரவே அவள் புருஷன் வாசலில் நின்றிருப்பான். பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பான். இரண்டு வார்த்தை தடித்திருக்கும். எனக்கு அது கிடைக்கவில்லை. குழந்தையின் உதடு கிழிந்த பிறகும், செய்தவனுடைய மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஒரு வீடு முழுவதும் இரண்டு மாதம் வாய்மூடி இருந்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் நான் இன்னும் மூன்று வண்டிக்குக் குறுக்குவில்லையில் சக்கரம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் தொடைக்கு நேர்ந்ததே என் வேலைக்கும் நேர்ந்தது என்று அப்போது உறைத்தது.

அவளைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்தச் சலுகையை முதலில் வழங்கியவன் நான். வெடிப்பைப் பார்த்த கணத்தில் எனக்குள் ஓடிய நினைப்பை மறைக்காமல் எழுதுவதானால் அது இதுதான்: இந்த நிலைமையில் இவ்வளவு செய்ததே பெரிசு. அவளுடைய வாக்கியம், வார்த்தைக்கு வார்த்தை. பட்டறையில் வேலைபார்த்த ஒன்பது வருஷத்தில் எனக்கு அந்த நினைப்பு வந்ததில்லை, வரவும் வழியில்லை. அங்கே துளையை ஒரு கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முனை உள்ளே போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. கடைந்தவன் யார், இரவு தூங்கினானா, வீட்டில் சாவா என்று கேஜ் கேட்பதில்லை. அந்தப் பாராமுகத்தை நான் வெறுத்திருக்கிறேன். கேஜுக்கு முன்னால் நான் இல்லவே இல்லை என்பது பெரிய அவமானமாகப் பட்டது. இப்போது என் வாசலுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் நான் மட்டும்தான் இருக்கிறேன், பம்பரம் இல்லை. கேஜ் ஆளைப் பார்க்காது, அனுதாபி பொருளைப் பார்க்கமாட்டான். இரண்டிலும் ஒருவகைச் சோம்பல் இருக்கிறது.

நம் வட்டத்திலும் இது நடக்காமல் இல்லை. சி. சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ தொடங்கியதையும், புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனதையும் கண்கலங்கச் சொல்கிறோம். அவர் ஒரு கதையை எடுத்து வரிவரியாக அலசியதைப் படித்து, இந்த இடத்தில் தவறினார் என்று சண்டை போடுகிறவன் எத்தனை பேர்? செல்லப்பா கேட்டது அந்தச் சண்டையைத்தான் என்று நினைக்கிறேன். ஆத்மாநாம் 1984ல் இறந்தார். அதற்குப்பின் அவர் கவிதையைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாவு நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது நல்ல கவிதை, எது நின்றுபோன முயற்சி என்று பிரிப்பதே அபசாரம் போலாகிவிட்டது. என் கவிதைகள் நான்கை ஒரு பத்திரிகை வெளியிட்டது. பக்கத்திலேயே நாற்காலியோடு என் புகைப்படம். நான்கில் ஒன்று படுமோசம். அது எனக்கே தெரியும். அதைத்தான் நண்பர்கள் அதிகம் பாராட்டினார்கள். அதில்தான் கால் வருகிறது.

அப்படியானால் கேஜே போதுமா? செய்தவனை அடியோடு மறந்துவிடலாமா? அங்கேதான் என் பழைய தீர்மானம் இளகுகிறது. நான் கடைந்ததில் நாற்காலி இருக்கிறது. இடுப்பின் வீச்சு இல்லாததால் என் உளி நீள வளைவுகளை எடுப்பதில்லை. குட்டை குட்டையான வெட்டுகள், அடிக்கடி ஒரு வரி, ஒரு வளையம். மூன்று அங்குலக் கணக்கு பெரிய கிண்ணங்களை எனக்கு மறுத்துவிட்டது. தெரிந்தவர்கள் என் பம்பரத்தை நூற்றில் அடையாளம் காண்கிறார்கள். தமிழில் இதற்கும் நடை என்றுதான் பெயர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நடை நாற்காலியிலிருந்து வந்தது, சந்தேகமில்லை. வெடிப்பு நாற்காலியிலிருந்து வந்ததா? கட்டையை நீளவாக்கில் அறுக்க முடியாதது நாற்காலியால். ஆனால் படப்பையில் மரவாடி இருக்கிறது, பலகை வாங்கியிருக்கலாம். இல்லையென்றால் இப்போது முடியாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஆளையும் தெரிந்திருக்கவேண்டும், மரத்தையும் தெரிந்திருக்கவேண்டும்.

வேலூரிலேயே இன்னொருவர். மேரி வர்கீஸ். இளம் மருத்துவராக இருக்கும்போது 1954ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். பிராண்டின் யோசனைப்படி நாற்காலியில் இருந்தபடியே கைகளில் அறுவை செய்யப் பழகினார். கை அறுவையை உட்கார்ந்தும் செய்யலாம் என்பது அதில் உள்ள நடைமுறை. தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பிற்பாடு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, சி.எம்.சி.யில் அந்தத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். மறுவாழ்வு நிலையம் 1966ல் உண்டாயிற்று. 1972ல் பத்மஸ்ரீ. அவரைப் பற்றிய பேச்சிலெல்லாம் மனவுறுதி என்ற சொல் வந்துவிடுகிறது. எனக்கு மேஜைமேல் கிடக்கும் அந்தக் கையின் நினைவுதான் வரும். கட்டு அவிழ்த்ததும் விரல் நிமிரவேண்டும். நிமிராவிட்டால் ‘உட்கார்ந்துகொண்டு இவ்வளவு செய்தாரே’ என்று அந்த நோயாளி சோற்றைப் பிசையமுடியாது. தன்னிடம் வரும் கை தனக்குச் சலுகை தராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இப்போது எனக்குப் படுகிறது.

எனக்கும் ஒருதரம் அது கிடைத்தது. நடைவண்டி விவகாரத்துக்குப் பிறகு, வேலையில் கைவைக்கவே மனசில்லாமல் இருந்தபோது, தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். சொப்புச் சாமான் கடைகிற ஊர். அங்கே ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், தாழ்வான மணையில் உட்கார்ந்து கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார். பையனைக் கூப்பிட்டு வாசற்படிக்குப் பலகை போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எந்த ஊர், எப்படி ஆயிற்று என்று கேட்டார், சுருக்கமாகச் சொன்னேன். த்ச் என்றார். பையிலிருந்த பம்பரத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிய பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார். சாட்டையைச் சுற்றித் தரையில் விட்டார். நின்று சுற்றும்போது குனிந்து காதைக் கொடுத்தார். தலையாட்டம் வரும்வரை காத்திருந்தார்.

“தம்பி, கழுத்துல சதை கூட விட்டுட்டீய. மேல கனம். அதாம் சீக்கிரம் ஆடுது.”

“உட்கார்ந்து கடையுறதால அந்த எடத்துல உளி எட்டமாட்டேங்குது, அண்ணாச்சி.”

“நானும் உக்காந்துதான கடையுதேன்” என்றார். பிறகு என் கையை வாங்கி, முழங்கையை அழுத்தி இறக்கிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியில் இடித்தது. “இத கழத்திப்போடுங்க” என்றார். அந்தக் கைப்பிடி கழற்றக்கூடியது. மூன்று வருஷமாக அது எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்து கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அச்சை இரண்டு அங்குலம் இறக்கிக் கடைகிறேன். கழுத்து கொஞ்சம் மெலிந்திருக்கிறது. முதலில் செய்தது நடைவண்டி. படப்பையில் காய்ந்த பலகை வாங்கி நான்கு சக்கரம். மற்ற மூன்று வீட்டுக்கும் போய்ப் பழைய சக்கரங்களைக் கழற்றி வந்தேன். இரண்டில் வெடிப்பு ஆரம்பித்திருந்தது. அவர்களும் சொல்லவில்லை. வரிசைவீட்டுப் பெண்ணிடம் புது வண்டியைக் கொடுத்து, ஆடினால், கீச்சிட்டால், எதுவானாலும் வந்து திட்டவேண்டும் என்று சொன்னேன். சிரித்தாள். ஒரு வாரம் கழித்து வழியில் பார்த்துக் கேட்டேன்.

“நல்லா இருக்குண்ணா” என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் அந்தக் குழந்தை வெளியே வருகிற நேரத்துக்கு லேத்தை நிறுத்துகிறேன். பெரிய சாலையில் டிரெய்லர்கள் போகிற இரைச்சல். அதற்கு நடுவே, தெருக்கோடியில் சிமென்டுத் தரையில் சக்கரம் உருளுகிற சத்தம் வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.